சன்னல் வழியாகப் போட்ட பை

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் விடுதி காலியாகிவிடும். பிள்ளைகள் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். திங்கள்கிழமை காலைதான் திரும்புவார்கள். அந்த வருடம் ஒருத்தி மட்டும் போகமாட்டாள். அவள் ஊர் எத்தியோப்பியா.

நான் அந்த விடுதியில் சமையல்காரி. தேனிக்குப் பக்கத்தில் விவசாயம் படிக்கிற ஒரு கல்லூரி அது. அவள் ஆறு மாதம் படித்துவிட்டுப் போக வந்தவள். அவர்கள் ஊர்க் கல்லூரியும் இந்தக் கல்லூரியும் பிள்ளைகளை மாற்றி அனுப்பிக்கொள்ளுமாம். இங்கிருந்து அங்கே போன பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது. இங்கே வந்தது இவள் ஒருத்திதான்.

ஒருத்தி இருந்தாலும் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். மற்ற சமையல்காரிகளுக்குக் குடும்பம் இருந்தது. அதனால் சனியும் ஞாயிறும் என் தலையில் விழுந்தன. எனக்கு அல்லிநகரத்தில் ஒரு வாடகை அறை. அங்கே போனாலும் நான் மட்டும்தான். எங்கே இருந்தால் என்ன.

நூறு பேர் உட்காருகிற கூடத்தில் அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவள் தட்டுச் சத்தம் எனக்குக் கேட்கும். என் தட்டுச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். ரெண்டு மாதம் இப்படிப் போனது.

முதலில் அவளுக்கு நம் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் மிச்ச தோசை மாவு மூன்று நாள் பழசாகிப் புளித்துப் பொங்கிவிட்டது. கொட்டப் போனேன். அவள் வந்து மோந்து பார்த்தாள். ஊற்று என்று கையைக் காட்டினாள். கல்லில் ஊற்றினேன். திருப்பப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் வெந்ததும் எடுத்து, நாலு தின்றாள். அவர்கள் ஊரில் அப்படி ஒன்று உண்டாம். அதிலிருந்து புதன்கிழமையே ஒரு சட்டி மாவைத் தனியாக எடுத்து வெளியில் வைத்துவிடுவேன். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏசினார்கள்.

“என்னத்தடி இது, ஊசுன மாவ வச்சுப் பூச பண்ற?”

“ஒனக்கென்ன, நீயா திங்கப் போற?”

அவள் அதற்குப் பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுவாள். பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் போனிடம் சொல்வாள். போன் அதைத் தமிழில் சொல்லும். செய்தி வாசிக்கிற தமிழ். எனக்குப் பாதி புரியும்.

அவள் ஊருக்குக் கிளம்ப ரெண்டு வாரம் இருந்தபோது போன் சொன்னது: “நான் இந்த நாட்டில் எதையும் பார்க்கவில்லை. அருவி ஒன்றைப் பார்க்க விரும்புகிறேன்.”

வார்டன் அம்மாவிடம் போனாள். அவர் என்னைக் கூப்பிட்டார். “தனியா விட முடியாது. நீ கூடப் போ. சாயந்தரம் ஆறு மணிக்குள்ள கொண்டாந்து விட்டுரணும். ஒம் பொறுப்பு.” சரி என்றேன்.

சுருளி அருவி என்று முடிவானது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். அங்கிருந்து சுருளிக்கு வேறு வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். அவள் தோளில் ஊதா நிறப் பை. அதன் உள்ளறையில் பாஸ்போர்ட். அதை அவள் ஒருநாளும் அறையில் விட்டு வந்ததில்லை. எங்கே போனாலும் அது உன்னோடு வர வேண்டும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாளாம்.

தேனி பஸ் ஸ்டாண்டில் முகூர்த்த நாள் கூட்டம். கம்பம் வண்டிக்கு மட்டும் அறுபது எழுபது பேர் நின்றார்கள்.

எங்கள் பக்கம் பஸ்ஸில் இடம் பிடிக்கிற விதம் இதுதான். வண்டி நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டையோ பையையோ உள்ளே போட வேண்டும். எது எந்தச் சீட்டில் விழுந்ததோ அந்தச் சீட்டு அதைப் போட்டவருக்கு. அதற்கு மேல் பேச்சில்லை. ஒன்றும் இல்லாதவர்கள் கைக்குட்டையைப் போடுவார்கள். ஒருத்தி ஒற்றைச் செருப்பைப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். நான் சின்னதிலிருந்து இப்படித்தான் ஏறுகிறேன். யோசிக்கிற வேலை இல்லை. கை தானாகச் செய்யும்.

பச்சை நிறத் தனியார் வண்டி ஒன்று வந்தது. கூட்டம் அதன் கூடவே ஓடியது. நானும் ஓடினேன். என் கையில் மடித்த துணிப்பைதான் இருந்தது. அதைப் போட்டால் காற்றில் பறந்துவிடும். திரும்பினேன். அவள் தோளிலிருந்து ஊதாப் பையை உருவினேன். ஓட்டுநர் பக்கம் மூன்றாவது சன்னல். உள்ளே போட்டேன். சீட்டில் விழுந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு படிக்கு வந்து ஏறிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் அவளைக் காணோம்.

அவள் நான் பையை உருவிய இடத்திலேயே நின்றாள். வாய் திறந்திருந்தது. தன் பையை ஒருத்தி பிடுங்கி ஓடுகிற வண்டிக்குள் எறிகிறாள். அவள் ஊரில் அதற்கு வேறு பெயராக இருக்கும். “வா ஆத்தா, ஏறு!” என்று கத்தினேன். அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்து வரலாம் என்று இறங்கினேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர் ஏறிவிட்டார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். வண்டி போய்விட்டது.

நான் கத்தினேன். நாலைந்து பேர் கூடச் சேர்ந்து கத்தினார்கள். வண்டி வாசலைத் தாண்டி வளைந்துவிட்டது.

அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாள். “பாஸ்போர்ட்.” அது எனக்கும் தெரிந்த வார்த்தை.

வண்டி நேரம் குறிக்கிற டைம் ஆபீசுக்கு ஓடினேன். சின்ன அறை. உள்ளே ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இப்பப் போன கம்பம் வண்டில பை போயிருச்சு.”

“திருடிட்டாகளா?”

“இல்ல. நாந்தேன் போட்டேன்.”

“போட்டுட்டு ஏறலையா?”

“ஏறுனேன். எறங்கிட்டேன்.”

அவர் பேனாவை வைத்தார். “பைய ஏத்திவிட்டுட்டு ஆளு எறங்குன கதய இன்னைக்குத்தேன் கேக்குறேன்.” வாசலில் நின்ற ரெண்டு ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.

“உள்ள பாஸ்போர்ட் இருக்குண்ணே. இந்தப் பிள்ளைக்குப் பதிமூணு நாள்ல பிளைட்டு.”

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

“கண்டக்டர் நம்பரு எங்கிட்ட இல்ல. மொதலாளி ஆபீசுல ஞாயித்துக்கெழம ஆளு இருக்க மாட்டாக. கம்பம் போயிட்டா மொத்தக் கூட்டமும் எறங்கும். அதுல எவன் கைக்குப் போகும்னு ஆரு கண்டா? அதுக்கு முன்ன சின்னமனூர்ல அஞ்சு நிமிசம் நிக்கும். அங்கன ஒங்களுக்கு ஆளு இருக்கா?”

“இல்ல” என்றேன்.

வெளியே வந்தேன். அவள் நடைமேடையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பை வழக்கமாகத் தொங்குகிற தோளில் ஒரு கையை வைத்திருந்தாள். சுற்றி ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாஸ்போர்ட் போனால் டெல்லிக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் திரும்ப உள்ளே போனேன். “ஆளு இருக்கு” என்றேன்.

என் வீட்டுக்காரர் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் திராட்சை விற்கிறார். வண்டி வந்து நின்றதும் சன்னல் சன்னலாக ஓடுகிற வேலை. பதினோரு வருடத்துக்கு முன்னால் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒருத்தியோடு பழக்கமாகி, பக்கத்து மார்க்கையன்கோட்டையிலேயே தங்கிவிட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அங்கே ஒன்று பிறந்தது என்று கேள்விப்பட்டேன். போய்ச் சண்டை போடு என்று பல பேர் சொன்னார்கள். நான் போகவில்லை. அந்த வழியாகப் பஸ்ஸில் போவதையும் விட்டேன். கம்பத்தில் அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போடி, தேவாரம் என்று சுற்றித்தான் போனேன். இந்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிள்ளைக்காகக் கிளம்பியிருந்தேன். அவளைச் சன்னல் ஓரம் உட்கார வைத்து, நான் அவர் கண்ணில் படாமல் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அதற்காகத்தான் சீட்டு வேண்டியிருந்தது.

நம்பர் தெரியும். அந்த சிம் கார்டு என் பேரில் நான் வாங்கிக் கொடுத்தது. அவர் நம்பரை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். மாற்றியிருக்கக் கூடாது என்றும் நினைத்தேன். கூப்பிட்டேன். மணி அடித்தது.

“ஆரு?”

“நாந்தேன்.”

பின்னால் ஒரு வண்டி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சொல்லு” என்றார்.

“கம்பம் வண்டி ஒண்ணு வருது. பச்சைக் கலரு, தனியாரு. டிரைவர் பக்கம் மூணாவது சன்னல். ஊதாப் பை. எடுத்து வைங்க.”

“ஆரு பை?”

“ஒரு பிள்ள பை. வெளிநாட்டுப் பிள்ள. பாஸ்போர்ட் உள்ள இருக்கு. பதிமூணு நாள்ல ஊருக்குப் போகணும்.”

“ஒனக்கென்ன அது?”

“எம் பொறுப்புல இருக்க பிள்ள.”

“ம்” என்றார். வைத்துவிட்டார். எடுத்து வைக்கிறேன் என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை.

இருபது நிமிடம் கழித்து அடுத்த வண்டி வந்தது. இந்தத் தடவை நான் எதையும் உள்ளே போடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு படி வழியாக ஏறினேன். கடைசிச் சீட்டுக்கு முன்னால் ஓர் இடம் கிடைத்தது. அவளை உட்கார வைத்து நான் நின்றேன்.

“ரெண்டு கம்பமா?” என்றார் கண்டக்டர்.

“ரெண்டு சின்னமனூர்.”

பக்கத்தில் தக்காளிக் கூடையோடு ஒரு அம்மா இருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “இந்தப் பிள்ள ஆருத்தா? ஒம் மருமகளா?”

“இல்ல. படிக்க வந்த பிள்ள. ஆப்பிரிக்கா.”

“அம்புட்டுத் தூரத்துலருந்தா? ஏன், அங்கன பள்ளிக்கூடம் இல்லையாக்கும்?” அவள் தலையைப் பார்த்தார். சின்னச் சின்னதாக எத்தனையோ சடை. “ஆத்தீ, இத்தன சடையும் ஆரு பின்னுனா? எம் மகளுக்கு ஒரு சடை பின்னுறதுக்குள்ள எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போகுது.”

“அவளே பின்னிக்கிறா.”

“ஏன் மொகம் இப்படி இருக்கு? சாப்பிடலையா?” என்று மடியிலிருந்து ஒரு கை வேர்க்கடலையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. சின்னமனூர் வரை கையை மூடியே வைத்திருந்தாள்.

வீரபாண்டி தாண்டியதும் ரெண்டு பக்கமும் வயல், தென்னை, அதற்குப் பின்னால் மலை. அவள் பார்க்க வேண்டும் என்று கேட்டது இதைத்தான். அவள் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோட்டூர் பக்கம் வந்தபோது என் கையிலிருந்த போனைத் தொட்டாள். “கால், அக்கா.” கூப்பிட்டுக் கேள் என்கிறாள்.

எடுத்துவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்கு உயிர் வந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. ஒரு தடவை கூப்பிட்டாயிற்று, ரெண்டாவது தடவை அவர்தான் கூப்பிட வேண்டும் என்று இருந்தேன். அவளுடைய பாஸ்போர்ட்டைவிட என் ரோசம் பெரிசாகிவிட்டது. அந்த வேர்க்கடலைக் கை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சின்னமனூரில் வண்டி உள்ளே திரும்பும்போதே பார்த்துவிட்டேன். தூணுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கையில் திராட்சைக் கூடை. தோளில் ஊதாப் பை. தலை முழுக்க நரைத்திருந்தது.

அவள் எனக்கு முன்னால் இறங்கி ஓடினாள். பையை வாங்கி, தரையில் குத்த வைத்து உட்கார்ந்து, ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டாள். பாஸ்போர்ட் வந்தது. அதை நெற்றியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து அவர் கையைப் பிடித்து, தன் தோளை அவர் தோளில் இடித்தாள். அது அவர்கள் ஊர் வழக்கம். அவர் கூடையைச் சாயாமல் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்.

பக்கத்தில் தண்ணீர் பாட்டில் விற்கிற பாய் ஒருவர் சிரித்தார். அவருக்கு என்னை யார் என்று தெரியாது.

“நீங்கதேன் பைக்காரகளா தங்கச்சி? வண்டில கால் வைக்க எடமில்ல. ஆளுக தொங்கிக்கிட்டு வந்துருக்காக. ஒங்க பை மட்டும் சீட்டுல ராசா மாதிரி உக்காந்து வந்துருக்கு. பை போட்ட சீட்டாம், ஒருத்தரும் தொடல.”

“அப்படியா” என்றேன்.

“கேளுங்க. இவரு போயிப் பையத் தூக்குறாரு. கண்டக்டர் விடமாட்டேனுட்டான். ஆரு பைன்னு கேட்டான். எம் பொண்டாட்டி பைங்குறாரு. அவன் சும்மா இருப்பானா? ‘ஒம் பொண்டாட்டி காலைல இங்கன நின்னு மகன ஏசிக்கிட்டிருந்தா. அதுக்குள்ள தேனிக்குப் பறந்து போயிப் பை போட்டாளா?’ன்னான். வண்டியே சிரிச்சுச்சு. இவரு அசரல. ‘அவ இல்லடா, எம் பொண்டாட்டி’ன்னு சொல்லிப்புட்டுப் பைய எடுத்துட்டு எறங்கிட்டாரு. அது என்ன கணக்கோ அல்லாவுக்குத்தேன் வெளிச்சம்.”

என் வீட்டுக்காரர் கூடையில் ஒரு கொத்தை எடுத்து வேறு பக்கம் வைத்தார். பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

“எளச்சுட்ட” என்றார் அவர்.

“வயசாயிருச்சு.”

“கையில என்ன?”

“எண்ணெ கொட்டிருச்சு. போன வருசம்.”

“ம்.”

அவர் கூடையை மறு கைக்கு மாற்றினார்.

“சுருளிக்கா?”

“நேரமில்ல. ஆறு மணிக்குள்ள விடுதிக்குப் போகணும்.”

“ஆத்துல தண்ணி நல்லாப் போகுது. பாலத்துகிட்டக் கூட்டிட்டுப் போறேன். பிள்ள பாக்கட்டும். பக்கந்தேன்.”

“வேணாம்.”

நேரம் இருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சுருளிக்குப் போய்விட்டுத் தாராளமாகத் திரும்பியிருக்கலாம். ஆனால் திரும்பும்போது மறுபடி இந்த வழியாகத்தான் வர வேண்டும். எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. அவளிடம் கையை விரித்து நேரமில்லை என்று காட்டினேன். அவள் நம்பினாள். அவள் கேட்ட அருவியை நான் காட்டவில்லை.

தேனி வண்டியில் இடம் இருந்தது. கிளம்பும்போது அவர் சன்னலுக்கு ஓடி வந்து அவள் மடியில் ஒரு பொட்டலம் திராட்சையை வைத்தார். காசு எடுக்கப் போனாள். அவர் அதற்குள் அடுத்த சன்னலுக்குப் போய்விட்டார். அவள் வழி நெடுகத் தின்றாள். இப்போதுதான் வெளியே பார்த்தாள். மலையைக் காட்டி ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினேன்.

அருவிக்குப் பதிலாக வைகை அணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தேனிக்கு அந்தப் பக்கம்தான். பூங்காவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளோடு நின்று படம் எடுக்கக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் எல்லோரோடும் நின்றாள். படம் எடுத்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் அடுத்த ஆள் வரும்வரை அங்கேயே தனியாக நிற்பாள். நான் பையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் தெரிகிற இடத்தில் உட்கார்ந்து அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். படத்தில் அம்மா தெரிந்தாள். தலையில் வெள்ளைத் துணி. என் வயதுதான் இருக்கும். மகள் நீளமாகச் சொன்னாள். அம்மா வாயைப் பொத்தினாள், பிறகு கையைக் கூப்பினாள். மகள் போனை என் பக்கம் திருப்பினாள். அம்மா என்னைப் பார்த்து என்னென்னவோ சொன்னாள். நன்றி சொல்கிறாள் என்று தெரிந்தது. பை எப்படிப் போனது என்று மகள் சொன்னாளா, சொல்லவில்லையா, தெரியவில்லை. எறிந்தது நான்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. நானும் கையைக் கூப்பினேன்.

அஞ்சரைக்கு விடுதிக்கு வந்துவிட்டோம். வார்டன் அம்மா, “அருவி எப்படி?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். “குட்” என்றாள்.

பதிமூன்றாம் நாள் சனிக்கிழமை. காலையில் கார் வந்தது. பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். தோளால் மூன்று தடவை என் தோளை இடித்தாள். நானும் இடித்தேன், எனக்குச் சரியாக வரவில்லை. கார் போனது. மத்தியானம் மற்ற பிள்ளைகளும் போனார்கள். இனிச் சனி, ஞாயிறு யாரும் இல்லை, அடுப்படியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போ என்றார்கள். புளித்த மாவு ஒரு சட்டி மிச்சம் இருந்தது. கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அல்லிநகரத்துக்கு வந்தேன்.

சாயந்தரம் போன் அடித்தது. அவர் நம்பர்.

“பிள்ள போயிருச்சா?”

பதிமூன்று நாளையும் எண்ணி வைத்திருக்கிறார்.

“காலைல போயிருச்சு.”

“பாஸ்போர்ட்டெல்லாம் சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“இப்ப எங்கன இருக்க?”

“அல்லிநகரத்துல.”

“அதே வீடா?”

“அதே வீடுதேன்.”

அவர் எதையோ சொல்ல மூச்சை இழுத்தார். அப்போது அங்கே ஹாரன் அடித்தது. “வண்டி வந்துருச்சு” என்றார்.

போனை அணைக்க மறந்துவிட்டார். சட்டைப்பையில் போட்டிருப்பார். ஓடுகிற சத்தம் கேட்டது. திராட்ச, திராட்ச, பன்னீர் திராட்ச என்று குரல் தூரத்திலிருந்து வருவது மாதிரி வந்தது. ஒரு பெண்பிள்ளை புளிக்குமா என்று கேட்டாள். தேன் மாதிரி இருக்கும் தாயி என்றார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பியது. அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. சட்டைப்பையில் கை போகிற சரசரப்புக் கேட்டது.

அவர் பேசுவதற்குள் நான் வைத்துவிட்டேன்.